நீண்டும் நீந்தியது: செஃபலெக்சினும் ஈ.கோலையும்

ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா வளரும் திரவத்தில் செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கலந்து, 37 டிகிரியில் இரண்டரை மணி நேரம் குலுக்கிவிட்டு, ஒரு துளியை ஸ்லைடில் வைத்துக் கொடுத்தால் மாணவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது இதுதான்: "சார், கன்டாமினேஷன் ஆயிடுச்சு." அவர்கள்மேல் தப்பு இல்லை. மருந்து கலக்காத குடுவையில் அரிசிக் குருணை மாதிரி குட்டிக் கோல்கள் அங்குமிங்கும் பாய்ந்துகொண்டிருந்தன. மருந்து கலந்ததில் குருணையே காணோம், எல்லாம் சேமியா. அந்தச் சேமியா சும்மாவும் கிடக்கவில்லை. ஓர் இழை பார்வை வட்டத்தின் இடது ஓரத்தில் நுழைகிறது. கூட்ஸ் வண்டி போல அவசரமில்லாமல் நேராகப் போகிறது. நடுவில் டக்கென்று நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்புகிறது.

அடுத்த கேள்வியும் தயாராக வரும்: "ஆன்டிபயாடிக் போட்டா பாக்டீரியா செத்துடணும்ல சார்?"

செத்துத்தான் போகும், பிறகு. அதற்கு முன்னால் இந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் அது என்னவாக இருக்கிறது என்பதுதான் இங்கே நாம் பிரித்துப் பார்க்கப் போவது.

நிகழ்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஜூலியஸ் அட்லரின் குழு செய்து 2000-ல் 'ஜர்னல் ஆஃப் பாக்டீரியாலஜி' இதழில் வெளியிட்ட வேலை. சர்க்கரையும் அமினோ அமிலமும் இருக்கும் பக்கம் ஈ.கோலை எப்படி நீந்திப் போகிறது என்பதை 1960-களிலிருந்தே அளந்து காட்டி வந்தவர் அட்லர். வேதியியலாளர் லாரா கீஸ்லிங்கும் இந்த வேலையில் சேர்ந்திருந்தார். கேள்வி எளிமையானது. ஒரு பாக்டீரியாவின் உடலை மட்டும் பல மடங்கு நீட்டிவிட்டு, மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டால் அதன் நீச்சல் என்ன ஆகும்?

நீட்டுவதற்கு அவர்கள் எடுத்த கருவி செஃபலெக்சின். மெடிக்கல் ஷாப்பில் 250, 500 மில்லிகிராம் கேப்சூலாகக் கிடைக்கிறதே, அதே மருந்துதான்.

கிடைத்த இழைகள் சாதாரண செல்லைப் போல 50 மடங்கு வரை நீண்டிருந்தன. சாதாரண ஈ.கோலையின் நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். அதை 50 மடங்காக்கினால் 100 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன் அது. இழைகள் நெடுக, நீந்த உதவும் வால் போன்ற கசையிழைகள் இருந்தன, நீச்சலும் இருந்தது. பிடித்த பொருளைக் கலந்தால், சாதாரண செல்லைப் போலவே இழையும் நிற்காமல் அதிக நேரம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சூழலுக்குப் பழகி பழைய நிலைக்குத் திரும்பியது. அதுவும் சாதாரண செல்லைப் போலவேதான்.

மாறியது ஒன்றே ஒன்று. சாதாரண ஈ.கோலை ஓடும், குட்டிக்கரணம் போடும், மறுபடி ஓடும். நீண்ட ஈ.கோலை ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பிடிக்காத பொருளைக் கலந்தால் சாதாரண செல் குட்டிக்கரணமாகப் போட்டுத் தள்ளும். இழையோ நின்றது நின்றபடியே இருக்கும்.

படிக்கும்போது சின்ன வித்தியாசமாகத்தான் தெரிகிறது. எனக்கு இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

எதை வெட்டியது மருந்து

ஆன்டிபயாடிக் பாக்டீரியாவின் உருவத்தை மாற்றும் என்பது புதுச் செய்தி இல்லை. 1940-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரியின் பெனிசிலின் குழுவில் இருந்த கார்ட்னர் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு குறிப்பிலேயே இது வந்துவிட்டது. பாக்டீரியாவை முழுக்கத் தடுக்கப் போதாத அளவில் பெனிசிலினைச் சேர்த்தபோது அவை நீண்டு போயின. பெனிசிலின் எலியைக் காப்பாற்றும் என்று அதே குழு காட்டிய ஆண்டும் அதுதான். 1956-ல் ஜோஷுவா லெடர்பர்க் வேறொன்றைக் காட்டினார். சுக்ரோஸ் நிறையக் கரைந்த திரவத்தில் ஈ.கோலையை வைத்துப் பெனிசிலின் கொடுத்தால் அது வெடிக்காமல் உருண்டையாகிறது. பெனிசிலினை நீக்கினால் மறுபடி கோலாகிறது.

இப்படி, பெனிசிலினும் செஃபலெக்சினும் சேர்ந்த ஒரே குடும்பத்து மருந்து ஓரிடத்தில் நூலாக்குகிறது, இன்னோரிடத்தில் உருண்டையாக்குகிறது, மற்றோரிடத்தில் வெடிக்க வைக்கிறது. குழப்பமான சங்கதி. இதை அவிழ்த்தவர் பிரையன் ஸ்ப்ராட், 1975-ல். கதிரியக்கக் கார்பன் ஏற்றிய பெனிசிலினை ஈ.கோலையின் சவ்வோடு கலந்து, எந்தெந்தப் புரதத்தில் அது ஒட்டுகிறது என்று பிரித்துப் பார்த்தார். ஒன்றில் இல்லை, பல புரதங்களில் ஒட்டியது. முதலாவதைத் தடுத்தால் செல் வெடிக்கிறது. இரண்டாவதைத் தடுத்தால் உருண்டையாகிறது. மூன்றாவதைத் தடுத்தால் நூலாகிறது. இரண்டாவதில் மட்டும் போய் ஒட்டும் மருந்து மெசிலினம். மூன்றாவதை முதலில் பிடிக்கும் மருந்துதான் நம் செஃபலெக்சின்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால்தான் பின்னால் வருவது புரியும். பாக்டீரியாவின் சுவர் ஒரு வலை. சர்க்கரைக் கயிறுகள், அவற்றுக்குக் குறுக்கே சிறு புரதத் துண்டுகளால் போட்ட முடிச்சுகள். செல் வளர வேண்டுமென்றால் வலையை ஆங்காங்கே அறுத்து, புதுக் கயிறு சேர்த்து, மறுபடி முடிச்சுப் போட வேண்டும். இந்த முடிச்சுப் போடும் ஆட்கள்தான் ஸ்ப்ராட் பிரித்தெடுத்த புரதங்கள். பக்கச் சுவரை நீட்டுவதற்கு ஒரு கூட்டம், நடுவில் குறுக்குச் சுவர் எழுப்பிச் செல்லை இரண்டாக்குவதற்கு இன்னொரு கூட்டம். செஃபலெக்சின் குறைந்த அளவில் இரண்டாவது கூட்டத்தின் கையை மட்டும் கட்டிப் போடுகிறது.

பிரியும் நேரம் வந்ததும் செல்லின் நடுவில் எஃப்டிஎஸ்-இசட் என்ற புரதம் ஒரு வளையம் கட்டும். அந்தப் பெயரே இந்தக் கதையைச் சேர்ந்ததுதான். வெப்பத்தைக் கூட்டினால் பிரிய முடியாமல் நூலாகிவிடும் ஈ.கோலை வகைகளைத் தேடிப் பிடித்து, அந்தக் குணத்தையே பெயராக வைத்தார்கள். செஃபலெக்சின் இருக்கும்போதும் வளையம் உருவாகிறது, ஆனால் சுருங்குவதில்லை. பெல்ட்டைப் போட்டாயிற்று, இறுக்க ஆள் இல்லை. பக்கச் சுவர்க்காரர்கள் இது எதுவும் தெரியாமல் நீட்டிக்கொண்டே போகிறார்கள். டிஎன்ஏ வழக்கம்போல நகலாகி, இழை நெடுக இடைவெளி விட்டு அடுக்கிக்கொள்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் செல்லுக்கு இரண்டு மணி நேரத்தில் ஆறு முறை பிரியும் வாய்ப்பு உண்டு. ஆறும் தவறினால் 64 செல்லாக வேண்டியது ஒரே செல்லாக நிற்கும். அட்லர் குழு சொன்ன 50 மடங்கு அந்தக் கணக்குக்குப் பக்கத்தில்தான் வருகிறது.

ஆக, இந்த இழையை நோயாளி பாக்டீரியா என்று நினைக்கக் கூடாது. பிரிதல் என்ற ஒரே வேலை நின்றிருக்கிறது. சாப்பாடு, வளர்ச்சி, டிஎன்ஏ, கசையிழை கட்டுவது எல்லாம் நடக்கிறது. அட்லர் குழுவுக்கு இந்த மருந்து தேவைப்பட்டதும் அதனால்தான்.

குட்டிக்கரணம் ஏன் நிறுத்தமாயிற்று

சாதாரண ஈ.கோலைக்கு நாலைந்து கசையிழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் உடலைவிட நீளம். ஒவ்வொன்றின் அடியிலும் சவ்வில் பதிந்த ஒரு மோட்டார். புரோட்டான்கள் வெளியிலிருந்து உள்ளே பாயும் விசையில் அது சுற்றுகிறது. இடஞ்சுழியாகச் சுற்றினால் கசையிழைகள் எல்லாம் பின்னிக் கட்டாகி, கப்பலின் புரொப்பெல்லர் போல உடலைத் தள்ளும். அது ஓட்டம், சராசரியாக ஒரு நொடி. ஏதாவது ஒரு மோட்டார் வலஞ்சுழிக்கு மாறினால் கட்டு அவிழ்ந்துவிடும். உடல் தறிகெட்டுப் புரளும். அது குட்டிக்கரணம், நொடியில் பத்தில் ஒரு பங்கு. பிறகு மறுபடி கட்டு சேரும், ஆனால் உடல் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதை 1972-ல் ஹோவர்ட் பெர்க்கும் பிரவுனும் ஒற்றைச் செல்லை முப்பரிமாணத்தில் பின்தொடரும் நுண்ணோக்கி கட்டி அளந்தார்கள்.

இப்போது இழைக்கு வருவோம். அது நிற்கும்போது அதன் மோட்டார்கள் என்ன செய்கின்றன? மருந்தில் பழுதாகி நின்றுவிட்டன என்று நினைக்க இடமிருக்கிறது. மாணவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள். அட்லர் குழு இதைத் தீர்த்த விதம் அழகானது. நீச்சல் கெட்டுப்போன மரபுமாற்ற வகைகள் அவர்களிடம் இருந்தன. சில வகைகள் குட்டிக்கரணமே போடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். சில வகைகள் ஓடவே தெரியாமல் குட்டிக்கரணமாகவே போட்டுக்கொண்டிருக்கும். இரண்டையும் செஃபலெக்சினில் வளர்த்து நீட்டினார்கள். எப்போதும் ஓடியது, நீண்ட பிறகும் எப்போதும் ஓடியது. எப்போதும் குட்டிக்கரணம் போட்டது, நீண்ட பிறகு எப்போதும் நின்றது.

அதாவது உள்ளே போகும் உத்தரவு ஒன்றுதான். மோட்டார் அதைக் கேட்டு வலஞ்சுழிக்கு மாறுவதும் அதேதான். குட்டை உடலில் அந்த உத்தரவு குட்டிக்கரணமாக வெளிவருகிறது, நீள உடலில் நிறுத்தமாக வெளிவருகிறது. மருந்து தொட்டது உடலை. நீச்சல் மாறியது உடலால்.

ஏன் புரள முடியவில்லை என்பதற்குக் கையால் போடும் கணக்கு ஒன்று போதும். திரவத்துக்குள் ஒரு கோலைத் திருப்புவதற்கு உள்ள எதிர்ப்பு, நீளத்தின் மும்மடியாக ஏறும். 50 மடங்கு நீளம் என்றால் 50 × 50 × 50, அதாவது 1,25,000. நீளத்தோடு ஒப்பிட்டால் கோல் ஒல்லியாவதால் அதில் கொஞ்சம் கழியும். கழித்தாலும் பத்தாயிரம் மடங்குக்குக் குறையாது. நெரிசலான சந்தில் ஒரு முழக் குச்சியைச் சுழற்றலாம், பந்தல் மூங்கிலைச் சுழற்றிப் பாருங்கள். மூங்கிலை நீளவாக்கில் நகர்த்துவது அவ்வளவு கஷ்டமில்லை. அந்த எதிர்ப்பு ஏறத்தாழ நீளத்தோடுதான் கூடும், தள்ளும் கசையிழைகளும் நீளத்தோடு கூடுகின்றன. அதனால்தான் ஓட்டம் பிழைத்தது, புரளல் போயிற்று.

டக்கென்று நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. இந்த அளவில் தண்ணீர் நமக்குத் தேன் மாதிரி, இல்லை, தேனைவிட மோசம். இயற்பியலாளர் பர்செல் 1977-ல் போட்ட கணக்குப்படி, நீந்தும் பாக்டீரியா தள்ளுவதை நிறுத்தினால் அதன்பின் சறுக்கிப் போகும் தூரம் 0.1 ஆங்ஸ்ட்ராம். ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலம்கூட இல்லை. பிரேக் என்று ஒன்று தேவையே இல்லாத உலகம்.

இன்னொரு விளைவும் உண்டு. தண்ணீர் மூலக்கூறுகள் இடித்து இடித்து, சாதாரண ஈ.கோலை பத்து நொடி ஓடினால் அதன் பாதை செங்கோணம் அளவுக்கு விலகிவிடும். ஓட்டம் ஒரு நொடியிலேயே முடிந்து புதுத் திசை தேட வேண்டியிருப்பதில் இதற்கும் பங்குண்டு. பழைய திசை அதற்குள் பொய்யாகிக்கொண்டிருக்கிறது. நூறு மைக்ரோமீட்டர் இழையை வளையாத கம்பி என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால், அந்த விலகலுக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஸ்லைடில் அது தண்டவாளத்தில் போவது போலத் தெரிவது சும்மா இல்லை.

நீள உடலில் செய்தி எப்படிப் போகிறது

இதுவரை சொன்னது உடம்பு. தலை எங்கே?

வெளியே என்ன பொருள் இருக்கிறது என்று உணரும் புரதங்கள்தான் வேதி ஏற்பிகள். சாதாரண ஈ.கோலையில் அவை பெரும்பாலும் இரு முனைகளிலும் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். வெளியே பிடிக்காதது வந்தால், உள்ளே சீஒய் என்ற சிறு புரதத்தின்மேல் ஒரு பாஸ்பேட் ஏறும். அது மிதந்து போய் மோட்டாரில் ஒட்டினால் மோட்டார் வலஞ்சுழிக்கு மாறும். சீஇசட் என்ற இன்னொரு புரதம் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிச் செய்தியை அழித்துக்கொண்டே இருக்கும். தபால்காரரும் உண்டு, வழியில் கடிதத்தைக் கிழிப்பவரும் உண்டு.

2 மைக்ரோமீட்டர் செல்லில் இது பிரச்சினையே இல்லை. மிதந்து போகும் புரதம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கில் போய்விடும். ஆனால் மிதந்து போகும் நேரம் தூரத்தின் சதுரமாக ஏறும். 50 மடங்கு தூரத்துக்கு 2,500 மடங்கு நேரம், அதாவது எட்டு நிமிடம். அதற்குள் கடிதம் கிழிந்து எத்தனையோ நேரம் ஆகியிருக்கும்.

இது வெறும் கணக்கு இல்லை. பெர்க்கின் குழு 1983-ல், மரபுமாற்றத்தால் பிரியாமல் நீளும் ஈ.கோலையை எடுத்து, ஒரே இழையில் இருக்கும் வெவ்வேறு மோட்டார்களில் அடையாளம் ஒட்டி வீடியோ எடுத்தது. ஒரு மோட்டார் திசை மாறும்போது பக்கத்து மோட்டார் கூடவே மாறவில்லை, ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு மாறியது. ஆனால் எந்தப் பக்கம் அதிக நேரம் சுற்றுவது என்ற சாய்வு மட்டும், சில மைக்ரோமீட்டர் நெருக்கத்தில் இருக்கும் மோட்டார்களுக்குள் ஒத்துப்போனது. 1985-ல் ஈ.கோலைக்குப் பிடித்த அமினோ அமிலமான அஸ்பார்டேட்டை நுண்குழாய் வழியாக இழையின் ஓரிடத்தில் மட்டும் விட்டுப் பார்த்தார்கள். அக்கம்பக்கத்து மோட்டார்கள்தான் கேட்டன, செய்தி சில மைக்ரோமீட்டருக்கு மேல் போகவில்லை.

அப்படியானால் முனையில் மட்டும் காது வைத்திருக்கும் நூறு மைக்ரோமீட்டர் இழையின் நடுப்பகுதி செவிடாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அட்லர் குழு பார்த்த இழைகள் முழு உடலோடு ஓடின, முழு உடலோடு நின்றன. காரணத்தை ஏற்பிகளுக்குச் சாயம் ஏற்றிக் கண்டுபிடித்தார்கள். ஏற்பிக் கூட்டங்கள் முனைகளில் மட்டுமல்லாமல், இழை நெடுக இடைவெளி விட்டும் உட்கார்ந்திருந்தன. வடம் பிடிக்கும் கூட்டத்தில் முன்னால் நிற்பவரின் குரல் பின்னால் கேட்காது என்று ஆங்காங்கே ஒருவர் நின்று குரல் கொடுப்பதைப் போல.

அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? செல் பிரிந்திருந்தால் எங்கெல்லாம் புது முனைகள் உண்டாகியிருக்குமோ, அந்த இடங்களை ஒட்டித்தான் கூட்டங்கள் அமைகின்றன என்று பின்னால் வந்த வேலைகள் காட்டின. பிரிவினைக்கான ஏற்பாடெல்லாம் பாதிவரை நடந்துவிட்டது. வளையம் கட்டியாயிற்று, டிஎன்ஏ பங்கு போட்டாயிற்று, காதுகூட வைத்தாயிற்று. சுவர் மட்டும் எழும்பவில்லை. பாகம் பிரித்துப் பத்திரம் எழுதிய பிறகும் ஒரே கூரையில் சமைக்கும் கூட்டுக் குடும்பம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

நீட்டுவது பாக்டீரியாவுக்குப் புதிதா?

இல்லை. இதை மருந்தின் கோளாறு என்று மட்டும் பார்க்கக் கூடாது. புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற பாக்டீரியாவை அகார் தட்டில் வளர்த்தவர்களுக்குத் தெரியும்: மறுநாள் காலையில் தட்டு முழுக்கக் குளத்து அலை மாதிரி வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கும். திறந்தால் ஒரு வீச்சம் வேறு. அந்தப் படரலைச் செய்பவை 20 முதல் 80 மைக்ரோமீட்டர் வரை நீண்ட செல்கள். யாரும் மருந்து கொடுக்கவில்லை. தானாகப் பிரிதலை நிறுத்தி, தானாக நீண்டு, கசையிழைகளைப் பெருக்கிக்கொண்டு, கூட்டமாகத் தரையைக் கடக்கின்றன. நின்ற இடத்தில் மறுபடி பிரிந்து குட்டையாகின்றன.

நீண்ட உடல் எந்த வடிவத்தையும் ஏற்கும் என்பதை வைத்து ஹார்வர்டில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2005-ல் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழு, அகரோஸ் என்ற ஜெல்லியில் சுருள், பிறை, வளைந்து வளைந்து போகும் கால்வாய் என்று நுண்ணிய குழிகளைச் செய்து, அவற்றுக்குள் ஈ.கோலையைச் செஃபலெக்சினோடு வளரவிட்டது. குழி எப்படியோ இழையும் அப்படியே வளர்ந்தது. வெளியே விட்ட பிறகும் சுருளாக வளர்ந்தது சுருளாகவே நீந்தியது. புடலங்காயில் கல் கட்டி நேராக்குவோமே, அதைத் திருப்பிப் போட்ட கதை.

விஸ்கான்சினிலேயே இன்னொரு பயன் கிடைத்தது. சாதாரண பாக்டீரியா மிகச் சிறியது, அதன் சவ்வில் கண்ணாடி நுண்குழாயை ஒட்ட வைத்து மின்னோட்டம் அளக்க முடியாது. செஃபலெக்சின் கொடுத்து நீட்டி, பிறகு லைசோசைம் விட்டுச் சுவரைக் கரைத்தால் முழு இழையும் ஒரே பெரிய உருண்டையாகச் சுருண்டுவிடும். 100 மைக்ரோமீட்டர் நீளமும் 1 மைக்ரோமீட்டர் அகலமும் உள்ள இழையின் கொள்ளளவை உருண்டையாக்கினால் குறுக்களவு 5 மைக்ரோமீட்டரைத் தாண்டும், நுண்குழாய் ஒட்டத் தாராளம். இப்படித்தான் 1987-ல் மார்டினாக், குங் முதலானோர், அட்லரும் சேர்ந்து, ஈ.கோலையின் சவ்வில் அழுத்தத்துக்குத் திறக்கும் வாயில் இருப்பதைக் கண்டார்கள். கொல்ல வந்த மருந்து ஆய்வுக்கூடத்தில் சமையல் பாத்திரமாகிவிட்டது.

இழையின் கடைசி நேரம்

மருந்து நீடித்தால் என்ன ஆகும் என்பதை ஹார்வர்டில் கிஷோனியின் குழு ஒற்றைச் செல்களை வீடியோ எடுத்து 2012-ல் வெளியிட்டது. முதலில் நீளும். பிறகு நடுவில், குறுக்குச் சுவர் எழும்பியிருக்க வேண்டிய இடத்தில் ஒரு புடைப்பு கிளம்பும். சைக்கிள் டயர் கிழிந்த இடத்தில் டியூப் வெளியே பிதுங்குமே, அதே காட்சி. புடைப்பு சற்று நேரம் அப்படியே நிற்கும். பிறகு வெடிக்கும். பிரிவதற்கு ஆயத்தம் செய்த இடமே பலவீனமான இடமாகிறது. பக்கச் சுவர் தாங்குகிறது, பாதி கட்டிய குறுக்குச் சுவர் தாங்கவில்லை.

நுண்ணோக்கியில் இழையைப் பார்த்து "செஃபலெக்சின் மாதிரி ஏதோ" என்று சொல்லிவிடவும் முடியாது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் நூலாக்கும், ஆனால் வழி வேறு. அது டிஎன்ஏவை உடைக்கும். உடைந்ததைக் கண்ட செல் அபாயச் சங்கை ஊதும். அப்போது உண்டாகும் சுல்ஏ என்ற புரதம் எஃப்டிஎஸ்-இசட் வளையமே கட்ட முடியாமல் செய்யும். முதல் வகையில் பிரிதலை நிறுத்தியது மருந்து. இரண்டாவதில் நிறுத்தியது செல், டிஎன்ஏவைச் சரிபார்க்கும்வரை. 2015-ல் பிரின்ஸ்டன் குழு ஒன்று இந்த இரண்டாம் வகை இழைகளைக் கவனித்தபோது, பல குரோமோசோம்களோடு நீண்டு கிடந்த இழையின் நுனியிலிருந்து மொட்டுவிட்டுப் பிரிந்த குட்டிச் செல்கள் சிப்ரோஃப்ளாக்சசினைத் தாங்குபவையாக இருந்தன. எனக்கு இழையைக் கண்டு பயம் வருவதென்றால் இந்த இடத்தில்தான்.

மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இதெல்லாம் ஒரு சிறுநீர் ஸ்லைடில் வந்து நிற்கும். கிராம் சாயம் போட்டுப் பார்த்தால் இளஞ்சிவப்பாக நீள நீள நூல்கள். புதிதாக வந்தவர் பூஞ்சை என்று எழுதப் போவார். பூஞ்சை இழை இதைவிடத் தடித்தது, ஊதாவாகச் சாயம் ஏறும், கிளைவிடும், கணுக்கணுவாக இருக்கும். இது ஒல்லி, இளஞ்சிவப்பு, கிளையில்லை. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது, நோயாளியைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பது. "ஏதாவது மாத்திரை போட்டீங்களாம்மா?" கோரிக்கைச் சீட்டில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். "ரெண்டு நாளா கடையில வாங்கிப் போட்டேன், எரிச்சல் கொறைஞ்சுது, நிறுத்திட்டேன்" என்று பதில் வரும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ஸ்லைடிலேயே பார்க்கலாம். புடைப்பு வருவதற்கு முன்பே மருந்தைக் கழுவிவிட்டுப் புதுத் திரவம் கொடுத்தால், கட்டிய பெல்ட்டை இறுக்க ஆள் வந்துவிடுகிறது. இழை சரிபாதியாக மட்டும் உடைவதில்லை. பெரும்பாலும் ஓரத்திலிருந்து, இயல்பான அளவுக்குக் கணக்காக ஒரு துண்டு கழன்று விழும், பிறகு இன்னொன்று. முருங்கைக்காய் நறுக்குவது மாதிரி. நீண்ட தாய் இழை பக்கத்தில் அசையாமல் நிற்க, நுனியிலிருந்து கழன்ற குட்டை செல் ஒரு நொடி ஓடி, ஒரு குட்டிக்கரணம் போட்டு, வேறு பக்கம் பாய்ந்து பார்வை வட்டத்தைவிட்டு வெளியே போய்விடும்.